பாட்டி வந்துட்டாங்க

ஆகஸ்ட் 4, திங்கள்

இன்றிலிருந்து மகள் யாழிசை, தவமணி டீச்சரின் தாஸ்காவில், அதாவது பிள்ளைகள் காப்பகத்தில். மூன்று மாதம் வெயிட்டிங் லிஸ்டில் கிடந்து, போன வாரம்தான் போன் வந்தது. அஸ்வின் என்றொரு பையனை நிறுத்திவிட்டார்களாம். “அவனுக்குப் பாட்டி வந்துட்டாங்கமா, இனிமே வீட்டுலயே பார்த்துக்குவாங்க” என்றார் டீச்சர். யார் வீட்டுப் பாட்டியோ, நல்லா இருக்கட்டும்.

நமக்குத்தான் அந்த யோகம் இல்லை. என் அம்மா பினாங்கில் அண்ணன் பிள்ளைகளோடு மாட்டிக்கொண்டிருக்கிறார். யுகேனின் அம்மா, என் மாமியார், போன வருஷம் ஆகஸ்டில் போய்விட்டார். யுகேனுக்கு மேருவில் ஃபாக்டரி, எனக்கு போர்ட் கிள்ளானில் கப்பல் சரக்கு ஃபார்வர்டிங் ஆபீஸ். ரெண்டு வயசுப் பிள்ளையை யாரிடம் விடுவது?

தாஸ்கா, வரிசையில் ஒட்டிக் கட்டிய ரெண்டு மாடி தெரஸ் வீடு. சைவச் சாப்பாடு. எல்லாரும் தமிழ் பேசுகிறார்கள். டீச்சர் ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் சமய வகுப்பு எடுப்பவர், குரலே தாலாட்டு. திங்கள் காலையில் ஐந்து செட் உடுப்பை ஐந்து பிளாஸ்டிக் பையில் போட்டு, மேலே நாள் பெயர் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த ஒழுங்கு எனக்குப் பிடித்துப்போயிற்று. நாள் முழுக்க கண்டெய்னர் பேப்பரில் சீல் நம்பர் ஒத்துப்பார்க்கிறவளுக்கு வேறென்ன பிடிக்கும்?

கேட்டில் அஸ்வினின் அம்மா நின்றார், பையனின் தலையணையை வாங்கிப் போக வந்தவர். சீதாலெட்சுமி என்று பேர். “உங்க புண்ணியத்துல இடம் கிடைச்சுதுக்கா” என்றேன். தலையணையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு யாழிசையையே பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. ஒரு வார்த்தை பேசாமல் காரில் ஏறிவிட்டார். என்ன திமிர்!

ஆகஸ்ட் 13, புதன்

தினமும் பன்னிரண்டரைக்கு வாட்ஸாப்பில் போட்டோ. யாழிசை கட்டை அடுக்குகிறாள், யாழிசை வாழைப்பழம் தின்கிறாள். சாயந்திரம் தலை வாரி, பவுடர் போட்டு, அன்றைய உடுப்பில் கையில் கொடுக்கிறார்கள். ஒரு கறை இல்லை. வீட்டில் இருந்தால் பத்து நிமிஷத்தில் உடுப்பாலேயே தரையைத் துடைத்துவிடுவாள். என்ன மாயம் செய்கிறார்கள் என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

பந்திங்கில் எங்கள் முதலாளி நாகையா அங்கிள் மகளுக்குக் கல்யாணம். ஆபீஸே போயிருந்தது. மண்டபத்தில் பிள்ளைகள் எல்லாம் நாற்காலிக்கடியில் ஓட, என் மகள் மட்டும் உட்கார வைத்த இடத்தில் இருந்தாள். இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு, ரெண்டு மணி நேரம். மேடையில் யாரோ பேசி முடித்து எல்லாரும் கை தட்டியபோதுதான் நாற்காலியிலிருந்து இறங்கினாள். யுகேன் சிரித்தார். “ஸ்பீச் முடிஞ்சது தெரிஞ்சுபோச்சு உன் மகளுக்கு.”

எத்தனை பேர் வந்து கேட்டார்கள்! “என்னமா பண்ணீங்க? எந்த தாஸ்கா?” எனக்குத் தலை கால் புரியவில்லை.

நஸ்ரினும் கேட்டாள். ஜூனில்தான் எங்கள் ஆபீஸில் சேர்ந்தாள், அக்கவுண்ட்ஸ். சொந்த ஊர் நாகப்பட்டினம் பக்கம். புருஷனும் அவளும் வேலை பாஸில், அந்த பெர்மிட்டில், வந்தவர்கள், இங்கே சொந்தம் என்று ஓர் ஆள் கிடையாது. ஒன்றரை வயசு ரயானைத் துரத்தித் துரத்தி அவளுக்குத் துப்பட்டாவெல்லாம் பாயசம். “ப்ரியாக்கா, அந்த நம்பர் குடுங்க, புண்ணியமாப் போகும். பக்கத்து வீட்டுல விட்டுட்டு தினம் பயந்துகிட்டே இருக்கேன்.” கொடுத்தேன். “சைவம்தான், உனக்கும் கவலை இல்ல லா” என்று சர்டிஃபிகேட் வேறு கொடுத்தேன்.

செப்டம்பர் 2, செவ்வாய்

மெர்டேக்கா, சுதந்திர தின லீவு மூன்று நாள் வீட்டில் இருந்தாள். நேற்று அவளைச் சோபாவில் விட்டுவிட்டு துணி காயப்போடப் போனேன். போன் வந்தது, பேச்சு நீண்டது, முக்கால் மணி நேரம். திரும்பி வந்தால் அதே இடம். கை தொடைக்கடியில். டிவிகூட ஓடவில்லை. சிறுநீர் போய் சோபாவெல்லாம் ஈரம், அழவில்லை.

“ஏன்டா தங்கம், அம்மாவைக் கூப்பிடலையா?”

என் முகத்தைப் பார்த்தாள். எதற்கோ காத்திருக்கிற பார்வை அது. நான்தான் தூக்கிக்கொண்டு போனேன்.

பழகிக்கொள்கிறாள் என்று யுகேன் சொன்னார். இருக்கலாம்.

செப்டம்பர் 9, செவ்வாய்

எழுதினால் பைத்தியம் மாதிரிதான் இருக்கும். எழுதுகிறேன்.

தினமும் காலையில் யாழிசைக்கு இடது கன்னத்தில் மைப்பொட்டு வைப்பேன். இன்றைக்கு அங்கே கொசு கடித்து வீங்கியிருந்தது, வலது கன்னத்தில் வைத்தேன். பன்னிரண்டரைக்குப் போட்டோ. செவ்வாய்க்கிழமை மஞ்சள் கவுன்தான் போட்டிருக்கிறாள். ஆனால் பொட்டு இடது கன்னத்தில். வீக்கம் இல்லை.

யுகேனுக்கு அனுப்பினேன். “செல்ஃபி கேமரா. இடம் வலம் மாறும்” என்று பதில். மாறுமாம். பின்னால் சுவரில் ஒன்று முதல் பத்து வரை எழுதிய அட்டை நேராகத்தானே இருக்கிறது? அது மட்டும் மாறாதா?

செப்டம்பர் 10, புதன்

பொட்டைத் தாடையில் வைத்து அனுப்பினேன். போட்டோவில் இடது கன்னத்தில்.

செப்டம்பர் 11, வியாழன்

மெர்டேக்காவுக்கு முந்தின வாரத்துப் போட்டோக்களை ஆபீஸ் கம்ப்யூட்டரில் வரிசையாகத் திறந்து பார்த்தேன். ஐந்து உடுப்பு. ஐந்திலும் ஜன்னல் கம்பியின் நிழல் சுவரில் அதே இடத்தில். திங்கள் கட்டை அடுக்குகிற படத்தில் மேஜை ஓரம் பாதி வாழைப்பழம் இருக்கிறது, புதன்கிழமை அதே பாதி வாழைப்பழத்தைத் தின்கிறாள்.

ஒரே நாளில், ஒரே மணி நேரத்தில், ஐந்து முறை உடுப்பு மாற்றி எடுத்திருக்கிறார்கள். அதற்குத்தான் திங்கள் காலையில் ஐந்து பை.

அப்படியென்றால் மற்ற நேரமெல்லாம் அவள் எங்கே இருக்கிறாள்?

செப்டம்பர் 12, வெள்ளி

கேட்டேன். டீச்சர் கோபப்படவில்லை, என் கையைப் பிடித்துக்கொண்டார். “ஏன்மா, நான் மறைக்கலையே. எல்லா அம்மாவும் போட்டோ போட்டோன்னுதான் கேக்குறாங்க. தினம் போனைத் தூக்கிட்டு நின்னா பிள்ளையை யாரு பாக்குறது? அதான் திங்கக்கிழமை ஒரேயடியா எடுத்து வச்சுக்குறோம். நீங்க நிம்மதியா வேலை பார்க்கணும்னுதானே?”

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். லோரி டிரைவர்களிடம் தொண்டை கிழியக் கத்துகிறவள், அந்த அம்மாள் முன்னால் மட்டும் “சரிங்க டீச்சர், சரிங்க டீச்சர்”.

செப்டம்பர் 18, வியாழன்

இன்றைக்கும் போட்டோ வந்தது. நான் திறக்கவில்லை.

செப்டம்பர் 27, சனி

பிரிக்பீல்ட்ஸுக்குத் தீபாவளித் துணி எடுக்க ரயிலில் போனோம். யுகேன் ஜிப்பா பார்த்துக்கொண்டிருந்தார். நான் யாழிசையைக் கடை வாசலில் ஸ்டூலில் உட்கார வைத்துவிட்டு கவுன் பார்த்தேன். திரும்பினால் அவள் முன்னால் ஒரு பொம்பளை குந்தியிருந்தார். சீதாலெட்சுமி! அஸ்வினின் அம்மா.

என்னை நிமிர்ந்து பார்த்தார். “கையைத் தொடைக்குக் கீழ வச்சிருக்கா” என்றார். அப்புறம், யாழிசையின் முகத்துக்கு நேரே மெதுவாகக் கையை ரெண்டு தட்டுத் தட்டினார்.

யாழிசை எழுந்து நின்றாள்.

நான் கவுனைக் கீழே வைத்துவிட்டுக் கிட்டே போனேன்.

“எம்மகனும் இப்படித்தான் இருந்தான்” என்றார். “ரெண்டு தட்டு தட்டினாத்தான் எழுந்திரிப்பான். நான் கண்டுபிடிக்க நாலு மாசம் ஆச்சு. இப்பத்தான் கொஞ்சம் ஓடுறான்.”

“அவனைப் பாட்டி பார்த்துக்குறாங்கதானே?” வேறென்ன கேட்பது என்று தெரியாமல் கேட்டுவைத்தேன்.

“எந்தப் பாட்டி? எங்கம்மா செத்து ஆறு வருஷம் ஆச்சு. மாமியார் அதுக்கும் முந்தி. டீச்சர் மூஞ்சிக்கு நேரா சொல்ல முடியல, பாட்டி வராங்கன்னு சொல்லிட்டு வந்துட்டேன். இப்ப நானே வேலையை விட்டுட்டேன்.”

“அன்னைக்குக் கேட்டுல என்னைப் பார்த்தீங்களே! எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?” கத்திவிட்டேன். கடைக்காரர்கூடத் திரும்பினார்.

அவர் அழவில்லை. “எனக்கு முன்னாடி போனவங்களும் பாட்டின்னுதான் சொல்லிட்டுப் போனாங்க. அவங்க எங்கிட்டச் சொன்னாங்களா?”

ரயிலில் வரும்போது யுகேன் வழியெல்லாம் யாழிசையை மடியிலிருந்து இறக்கவே இல்லை.

செப்டம்பர் 29, திங்கள்

இன்றைக்கும் ஏழு மணிக்கு அவளைக் கொண்டுபோய் விட்டேன். ஆமாம், விட்டேன். கண்ணால் பார்க்க வேண்டும் என்று. அதற்காக இன்னொரு அரை நாள் அவளை அங்கே வைத்தேன். யுகேன் வேண்டாம் என்றுதான் சொன்னார்.

பதினொரு மணிக்கு ஆபீஸில் லீவு சொல்லிவிட்டுப் போனேன். முன்கேட்டில் பூட்டு. மணியடிக்காமல் பின்சந்துக்குப் போனேன். சாக்கடை ஓரமாக நடந்தால் அடுப்படியின் இரும்புக் கிரில் வரும்.

பதினாறு பிள்ளைகள் இருக்கிற வீடு. ஒரு சத்தம் இல்லை. அதுதான் முதலில். மீன் தொட்டி வைத்த கடையில்கூட அதைவிடச் சத்தம் இருக்கும்.

அடுப்படி சிமெண்டுத் தரையில் எட்டுச் சின்னப் பிள்ளைகள், சுவரோடு சுவராக, ஒரு வரிசை. மிச்சப் பேர் மாடியில் போல. எல்லாருக்கும் கை தொடைக்கடியில். எல்லாருக்கும் மேலே வெறும் பனியன். உடுப்புகள் நாள் பெயர் எழுதிய பைகளில் அலமாரியில் இருந்தன. ஆள் யாரும் இல்லை. முன்ஹாலில் டீச்சர் குரல் கேட்டது, அந்தத் தாலாட்டுக் குரல், யாரிடமோ போனில்.

மூன்றாவதாக யாழிசை. என்னைப் பார்த்தாள். நேருக்கு நேர் பார்த்தாள். அம்மா என்று தெரிந்தது அவளுக்கு, உதடு கோணியது.

எழுந்திரிக்கல.

கிரில் இந்தப் பக்கம் பெத்தவ நிக்கிறேன், வா வான்னு கையைக் காட்டுறேன், எம்பிள்ளை எழுந்திரிக்கல. கண்ணுல தண்ணி வழியுது, கை மட்டும் தொடைக்கடியிலேயே இருக்கு. என்ன செய்ய? நான் ரெண்டு தட்டு தட்டினேன்.

எட்டுப் பேரும் எழுந்து நின்னாங்க.

பின்னேரம் – தொடர்கிறேன்.

முன்பக்கம் ஓடி மணியடித்தேன். டீச்சர் கதவைத் திறக்கக் கொஞ்ச நேரமானது. யாழிசையைத் தூக்கிக்கொண்டு வந்தார், அதற்குள் கவுன் போட்டாயிற்று, பவுடர்கூட. “என்னமா, இந்த நேரத்துல?” என்று சிரித்தார். கேட்க வேண்டியதெல்லாம் நாக்கு நுனியில் இருந்தது. அடுப்படியில் இன்னும் ஏழு பிள்ளைகள் நின்றுகொண்டிருந்தார்கள்.

“மாமியார் வராங்க டீச்சர்” என்றேன். “இனிமே வீட்டுலயே பார்த்துக்குவாங்க.”

“அப்படியா? நல்லதுமா. பாட்டி கையில வளர்ற மாதிரி வருமா?” என்றார். தலையணையையும் எடுத்துக் கொடுத்தார். நன்றி சொல்லிவிட்டு வந்தேன். நன்றி!

செப்டம்பர் 30, செவ்வாய்

யுகேன் நைட் ஷிஃப்டுக்கு மாறிவிட்டார். பகலில் அவர் பிள்ளையோடு. “வெல்ஃபேர் ஆபீஸில் புகார் குடு” என்கிறார். ஃபாரம் எடுத்து வைத்திருக்கிறேன். நாளைக்கு எழுத வேண்டும்.

அக்டோபர் 3, வெள்ளி

நஸ்ரின் ஆபீஸுக்கு ஒரு டப்பா லட்டோடு வந்தாள். தவமணி டீச்சர் போன் பண்ணினாராம், ஓர் இடம் காலியாம். “உங்க மாமியார் வந்தது எனக்கு அதிர்ஷ்டம்க்கா! டீச்சர்தான் சொன்னாங்க. அவங்களுக்குப் பெத்த மக மாதிரி துவா பண்ணிக்கிறேன்.”

லட்டை வாயில் போட்டுக்கொண்டேன். அந்த நேரத்தில் நாகையா அங்கிள் ஒரு ஷிப்மெண்டைக் கேட்டுக் கத்தினார். தப்பித்தேன்.

அக்டோபர் 6, திங்கள்

ரயான் இன்றைக்குச் சேர்ந்துவிட்டான். சொல்லவில்லை.

அக்டோபர் 8, புதன்

மதியச் சாப்பாட்டில் ஆரம்பித்தேன். “நஸ்ரின், அந்த தாஸ்காவை நல்லா விசாரிச்சியா?”

“நீங்க சொன்னீங்களே, அதைவிட என்ன விசாரணை?” என்று சிரித்தாள். “இது கிடைக்கலைன்னா வேலைய விட்டிருக்கணும்க்கா. வேலை போனா பாஸும் போச்சு.”

அதற்கு மேல் வாய் வரவில்லை. கோழை. வேறு பேர் இல்லை இதற்கு. சொன்னால் “அப்போ ஏன் நம்பர் குடுத்தீங்க, ஏன் மாமியார்னு சொன்னீங்க” என்று கேட்பாள். அந்த ரெண்டு கேள்விக்குப் பயந்து ஒரு பிள்ளையை அந்தச் சிமெண்டுத் தரையில் விட்டிருக்கிறேன்.

அக்டோபர் 15, புதன்

ஃபாரம் இன்னும் ஃப்ரிட்ஜ் மேலேதான். ‘குழந்தையை நிறுத்தியதற்கான காரணம்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. டீச்சரிடம் மாமியார் என்று சொன்னேன், இங்கே வேறு எழுதினால் எது பொய் என்று கேட்கமாட்டார்களா?

யாழிசை இன்றைக்கு யுகேனின் செருப்பை ஒளித்துவைத்தாள். ரெண்டு பேரும் கொண்டாடினோம்.

அக்டோபர் 19, ஞாயிறு

நாளைக்குத் தீபாவளி. மாமியாருக்குப் படையல் போட்டோம். ஹாலில் அவர் போட்டோவுக்கு மல்லிகை மாலை, இலையில் அவருக்குப் பிடித்த ஆட்டுக்கறி, நெய் உருண்டை. கும்பிடும்போது கண்ணை நிமிர்த்த முடியவில்லை. செத்தவரை வரவழைத்து வேலைக்கு வைத்தவள் நான்.

அக்டோபர் 25, சனி

ஓப்பன் ஹவுஸ், வீட்டில் தீபாவளி விருந்து. ஆபீஸ் ஆட்கள் எல்லாரும் வந்துபோனார்கள். நஸ்ரின் கடைசியாக வந்தாள், ஒரு கையில் ரயான், ஒரு கையில் பட்டுக் காகிதத்தில் சுற்றிய பொட்டலம்.

“உங்க மாமியாருக்கு ஒரு புடவை. ஊர்லேருந்து வரவழைச்சேன்” என்றாள். “எங்க அவங்க? உள்ளே இருக்காங்களா?”

ரயானை நாற்காலியில் உட்கார வைத்தாள். ரெண்டு கையும் தொடைக்கடியில் போனது. மண்டபத்தைக் கலக்கிய பையன். மூன்றே வாரம்.

அதுவரைக்கும் பலூனோடு ஓடிக்கொண்டிருந்த யாழிசை அவனைப் பார்த்து நின்றாள். பலூனை விட்டாள். போய்ப் பக்கத்து நாற்காலியில் ஏறி, கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டாள்.

நஸ்ரின் ரெண்டு பிள்ளைகளையும் பார்த்தாள். பிறகு அவர்களுக்கு மேலே சுவரைப் பார்த்தாள். மாமியார் போட்டோ, வாடின மல்லிகை மாலை.

“இவங்க யாரு?”

“யுகேனோட அம்மா.”

பொட்டலம் அவள் கையிலேயே இருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன், நின்றபடியே, ஒரே மூச்சில். போட்டோ, பொட்டு, கிரில், எட்டுப் பிள்ளைகள். ரெண்டு தட்டு. ரயானுக்குத் தட்டிக் காட்டச் சொன்னாள். நான் மாட்டேன் என்றேன். பொட்டலத்தை நாற்காலியில் வைத்துவிட்டு அவளே தட்டினாள்.

அவன் எழுந்து நின்றதும் அவனை வாரித் தூக்கிக்கொண்டாள். வாசல் வரைக்கும் போய்த் திரும்பினாள். “மூணு வாரம்க்கா. தினம் என் எதிர்லதான் உக்காந்து சாப்டீங்க” என்றாள். அவ்வளவுதான்.

புடவை நாற்காலியிலேயே கிடக்கிறது.

அக்டோபர் 28, செவ்வாய்

நஸ்ரின் இன்றைக்கு ஆபீஸ் வந்தாள். என் மேஜை அருகே வரவில்லை. நான்தான் போனேன். ரயானை நிறுத்திவிட்டாளாம், பழைய பக்கத்து வீட்டிலேயே விட்டிருக்கிறாள்.

“டீச்சர்கிட்ட என்ன சொன்ன?”

கால்குலேட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “நான் பாஸ்ல இருக்குறவ. போலீஸு, கேஸுன்னு எனக்கு வேணாம். எங்க உம்மா ஊர்லேருந்து வர்றாங்கன்னு சொல்லிட்டேன்.”

நவம்பர் 1, சனி

தவமணி டீச்சரின் வாட்ஸாப் ஸ்டேட்டஸ்: ‘அன்பான சூழல், சைவ உணவு. ஓர் இடம் மட்டும் காலி.’ கீழே யாழிசையின் போட்டோ. மஞ்சள் கவுன், இடது கன்னத்தில் பொட்டு.

நவம்பர் 3, திங்கள்

காலை ஆறே முக்காலுக்கு தாஸ்கா கேட்டுக்கு எதிரில் போய் நின்றேன். ஏழு மணிக்கு ஒரு மோட்டார்சைக்கிள் வந்தது. ஃபாக்டரி யூனிஃபாரத்தில் ஒரு பெண், முன்னால் கட்டிய துணியில் ஒரு வயசுப் பிள்ளை, தோளில் ஐந்து பிளாஸ்டிக் பை.

“புதுசா சேர்க்குறீங்களா?” என்றேன். “முன்னாடி இருந்த பிள்ளை ஏன் போச்சுன்னு சொன்னாங்க?”

“ஊர்லேருந்து பாட்டி வந்துட்டாங்களாம்க்கா.”

“பாட்டி யாரும் வரல. எம்பிள்ளையும் இங்கதான் இருந்துச்சு. நானும் மாமியார் வராங்கன்னுதான் சொன்னேன். அவங்க செத்து ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு.” எல்லாம் சொன்னேன். அவள் கேட்டாள், நம்பினாள் என்றுதான் நினைக்கிறேன். கண் கலங்கியது. பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

“எட்டு மணிக்கு பஞ்ச் பண்ணணும்க்கா. இன்னைக்கு ஒரு நாள் மட்டும்” என்று சொல்லிவிட்டுக் கேட்டைத் தள்ளிக்கொண்டு போனாள்.

அவளைத் திட்ட எனக்கு வாய் இல்லை.

அங்கிருந்து நேரே வெல்ஃபேர் ஆபீஸ். கதவு திறந்ததும் முதல் ஆள் நான்தான். காரணம் என்ற கட்டத்தில் இடம் போதாமல் பின்பக்கமும் எழுதினேன். போட்டோக்களைக் காட்டினேன், நிழலை, வாழைப்பழத்தை, பொட்டை. பெயரும் ஐசி அடையாள அட்டை நம்பரும் போட்டுக் கையெழுத்து வைத்தேன். அதிகாரி மலாய்க்கார அம்மா, பொறுமையாகப் படித்தார். இன்றைக்கே ஆள் போவார்கள் என்றார். பிறகு கம்ப்யூட்டரில் பெயரைத் தட்டிப் பார்த்துவிட்டு ஆச்சரியமாக என்னைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அந்த இடத்தைப் பற்றி இதுதான் முதல் புகாராம்.

எனக்குத் தெரிந்தே அந்த வீட்டுக்கு நாலு பாட்டி வந்திருக்கிறார்கள்.